இடது காதில் அக்காவின் குரல்

"நெல்லு! நெல்லு!" என்று அக்கா கத்தியது என் இடது காதில் விழுந்தது. என் கைகள் ஸ்டியறிங்கை வலப்பக்கம் வெட்டின. இந்த இரண்டுக்கும் இடையில் யோசனை என்று எதுவும் இருக்கவில்லை. பிறகு பலமுறை அந்த இடைவெளிக்குள் போய்த் தேடிப் பார்த்திருக்கிறேன். அங்கே நான் ஏதாவது நினைத்தேனா, எதிரே வந்தவரைக் கண்டேனா என்று. குரல், கை, அவ்வளவுதான். அடுத்ததாக நான் கண்டது முன் கண்ணாடியில் வந்து ஒட்டிய ஒரு சூடை மீன். வால் மேலாகவும் தலை கீழாகவும், வைப்பர் தண்டில் சாய்ந்தபடி மினுங்கிக்கொண்டிருந்தது. மீன் எப்படி இங்கே வந்தது என்றுதான் முதலில் யோசித்தேன். அதைக் கொண்டுவந்த மனிதரைப் பற்றி யோசிக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

தான் அன்று கத்தவே இல்லை என்று அக்கா இன்றுவரை சொல்கிறாள். வீதியில் நெல் கிடக்கவில்லை என்றும் சொல்கிறாள்.

நான் பல வருடங்கள் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தவள். கண்டவர் யார், கேட்டவர் யார், கேள்விப்பட்டவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே தொழில். மற்றவர்களின் விபத்துகளில் அந்தப் பிரிப்பு சுலபமாக இருந்தது. இதில் அந்தக் குரலுக்குச் சாட்சிகள் இரண்டே பேர், இருவரும் ஒரு தாயின் பிள்ளைகள், ஒரே காருக்குள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்.

அந்தக் கத்தலை விளங்கிக்கொள்ள எங்கள் வீட்டு வளவைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு வாசல் பெண்பிள்ளைகளுக்கு. கல்யாணம் கட்டும் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தேற்றாத்தீவில் அம்மாவின் வளவைப் பிரித்து, கிழக்குப் பாதியை அக்காவுக்கும் மேற்குப் பாதியை எனக்கும் எழுதினார்கள். நடுவில் இடுப்பளவு கம்பி வேலி. ஆள் வந்துபோக அதில் ஒரு கடப்பு. நான் கல்யாணம் கட்டவில்லை. கொழும்பு வேலையை விட்டு வந்து என் பாதியில் தனியாக இருக்கிறேன். அக்கா வீட்டில் தேங்காய் துருவினால் எனக்குக் கேட்கும். என் வீட்டில் நான் இருமினால், "என்னடி, இருமலா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும்.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அந்த வளவு முழுவதும் படங்கு விரித்து நெல் காயப்போடுவார்கள். காவலுக்கு நாங்கள் இருவர். அக்கா என்னைவிட நன்றாக மூத்தவள்; ஒரு பூவரசந்தடியோடு ஒரு முனையில் இருப்பாள். ஆடு வந்தாலும் கோழி வந்தாலும் நான் குறுக்கே ஓடினாலும் கத்தல் ஒன்றுதான்: "நெல்லு! நெல்லு!" நெல்லில் கால் படக்கூடாது. பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டும். அது பக்தியா பயமா என்று எனக்கு அப்போது தெரியாது. தடி மட்டும் தெரியும். அந்தக் குரல் கேட்டால் கால் தானாக விலகும். கோழிக்கும் அப்படித்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் கோழிக்கும் ஒரே வகுப்பு.

கார் ஓட்டப் பழகியது நாற்பதைத் தாண்டிய பிறகு. பழக்கியவர் பொறுமைசாலி. "மிஸ், பிரேக் எண்டு ஒண்டும் கீழ இருக்கு. இடைக்கிடை அதையும் விசாரியுங்க" என்பார். லைசன் கைக்கு வந்ததும் சின்னதாக ஒரு பழைய கார் வாங்கினேன். என்னைவிட அக்காவுக்குத்தான் சந்தோசம். பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தவள் அவள்தான். நான் தயங்கினேன்.

"ஏத்துடி, ஏத்து. நசியிற சத்தம் கேக்கணும்" என்றாள்.

"பாவமா இருக்கு அக்கா."

"தேசிக்காய்க்குப் பாவம் பாக்கிறாய். நாளைக்கு ரோட்டில ஆடு மாடு நிக்கும், அதுக்குப் பாவம் பாரு."

ஐயர்கூடச் சிரித்தார். நான் ஏற்றினேன்.

அக்காவின் சந்தோசத்துக்குக் காரணம் இருந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், போடியார் குடும்பத்துப் பிள்ளை. போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் வயல் நிலமும் அதோடு சேர்ந்த மதிப்பும் உள்ளவர். அவருடைய வயல் இருக்கும் வட்டை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அறுவடைக் காலத்தில் வேலையாட்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு பஸ் பிடித்து, குருக்கள்மடத்தில் இறங்கி, வாவி கடந்து, அந்தப் பக்கம் ஓட்டோ பிடித்து அக்கா போய்வருவாள். கார் வந்ததும் அந்த அலைச்சல் தீர்ந்தது. சோற்றுப் பார்சல் பின் இருக்கையில், அக்கா முன் இருக்கையில். "பெரிய இடத்துப் பொம்பிள மாதிரி இருக்கு" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே போடுவாள்.

அந்த வருடம் அத்தான் அந்த வட்டை விவசாயிகளின் அமைப்புக்குத் தலைவர். இப்போது அறுவடை மெசினில்தான். நெல் ஈரத்தோடு வந்து விழும். ஈரத்தைச் சாட்டி வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் எல்லோரும் தார் வீதியில் பாதியை மறித்துக் கல் அடுக்கி நெல் காயப்போடுவார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அதில் சறுக்கி விழுந்து முறைப்பாடுகள் வந்தன. அறுவடை தொடங்குமுன் நடந்த கூட்டத்துக்கு ஒரு பொலிஸ் அதிகாரியும் வந்திருந்தார். அத்தான் எழுந்து நின்று சொன்னார்: "எங்கட அமைப்பில ஒருத்தரும் ரோட்டில ஒரு மணி நெல்லுப் போடமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு." கைதட்டல் எழுந்தது. நான் பின்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்கா முழங்கையால் என்னை இடித்து, "பாத்தியா உன்ட அத்தானை" என்றாள்.

ஆவணி மாதத்து முற்பகல் அது. வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் காரை ஏற்றும்போது பாதைக்காரர், "மெதுவா மிஸ், அங்கால வாவி, ரோடு இல்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்பிளாந்துறையில் இறங்கி, இரு பக்கமும் அறுத்த வயலாகக் கிடந்த வீதியில் போனோம். அக்கா ஏதோ கல்யாண வீட்டுக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். வீதி ஒரு வாய்க்காலோடு சேர்ந்து வளைகிறது. வளைவைத் தாண்டும்வரை அந்தப் பக்கம் தெரியாது. தாண்டியதும், என் பக்கத்துப் பாதி வீதியில், விளிம்புக்குக் கற்கள் வைத்து, மஞ்சளாக, நீளமாக நெல். அக்கா கதையை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

எதிரே வந்தவர் மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் காத்தான்குடிக்காரர். என் கார் அவர் பக்கம் பாய்ந்ததும் அவர் வாய்க்கால் ஓரமாக ஒதுங்கினார். முழுவதும் ஒதுங்க இடம் இருக்கவில்லை. காரின் வலது மூலை அவருடைய காலிலும் சைக்கிளின் பின்பாதியிலும் பட்டது. மீன் இருந்த ரெஜிபோம் பெட்டி மேலே போய் உடைந்தது. நான் இடப்பக்கம் திருப்பி மிதித்த மிதியில் கார் கற்களை இடித்துத் தள்ளி, மூக்கை நெல்லுக்குள் புதைத்துக்கொண்டு நின்றது. தவிர்க்கப் போன நெல்லில்தான் கடைசியில் ஏறி நின்றேன்.

அக்கா எனக்கு முன்னால் இறங்கினாள். இறங்கியதும் முதலில் நெல்லைப் பார்த்தாள். பிறகு விழுந்தவரிடம் ஓடினாள். இந்த வரிசையை நான் கண்டேன். அப்போது அதற்கு ஒரு அர்த்தமும் கொடுக்கவில்லை. அவருக்குத் தண்ணீர் பருக்கினாள், முந்தானையால் விசிறினாள். அந்த வழியால் வந்த சின்ன லொறியை மறித்து, அத்தானின் வயலில் நின்ற வேலையாட்களைக் கொண்டு அவரைத் தூக்கி ஏற்றியவளும் அவள்தான். அவர் முனகியபடியே, "மீனைப் பாருங்க, மீனைப் பாருங்க" என்றார். நான் மதகுக் கட்டில் இருந்தேன்.

அங்கே இருந்தபோது விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் சேர்ந்து கூட்டினார்கள். நெல் சாக்குக்குள் போனது. கற்கள் ஒவ்வொன்றாக வாய்க்காலுக்குள் விழும் சத்தமும் கேட்டது. காரைப் பின்னால் தள்ளி, அதன் மூக்கின் கீழ் கிடந்ததையும் வழித்தார்கள். அத்தான் வயலுக்குள்ளிருந்து வந்து கையால் காட்டிக்கொண்டு நின்றார். வாகனங்கள் போவதற்கு வழி செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவருக்கு நன்றிகூடச் சொன்னேன். பொலிஸ் வந்தபோது அந்த இடம் கல்யாண வீட்டு முற்றம் மாதிரித் துப்புரவாக இருந்தது. வீதியின் அந்தத் துண்டு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். வீதியில் நெல் காயப்போட்டிருந்தது, அதை விலத்தப் போனேன் என்று நான் சொன்னேன். அதிகாரி அக்காவைப் பார்த்தார்.

"ரோட்டில நெல்லுக் கிடந்ததா அம்மா?"

"இல்லை ஐயா. ஒண்டும் கிடக்கல்ல. தங்கச்சிக்குப் புதுப் பழக்கம். கை தடுமாறிட்டு" என்றாள் அக்கா.

சொல்லும்போது அவளுடைய கை என் தோளில் இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவுவது மாதிரி இரண்டு தரம் தடவினாள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்; அவள் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் குழம்பிவிட்டாள் என்று அந்த நிமிடம் எண்ணினேன். திருத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் திருத்தவில்லை. என் சொல்லையும் எழுதினார்கள், அவள் சொல்லையும் எழுதினார்கள். ஊரில் மிஞ்சியது அவள் சொன்னது.

மறுநாள் ஒரு செய்தித் தளத்தில் சின்னச் செய்தி வந்திருந்தது. "பெண் சாரதி செலுத்திய கார் கட்டுப்பாட்டை இழந்து" என்று தொடங்கியது. அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. செய்தி மேசையில் இரவு பகலாக நானே அதைப் போட்டிருக்கிறேன். பிரதேச நிருபர் தொலைபேசியில் சொல்லத் தொடங்கும்போதே கை அதை எழுதிவிடும். கார் கட்டுப்பாட்டை இழந்தது என்று எழுதிவிட்டால் வீதியில் என்ன கிடந்தது, பக்கத்தில் யார் இருந்தார், என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வசதியான வாக்கியம். அதற்குள் ஒரு ஆள் அடங்கிப்போய்விடலாம். இந்த முறை அடங்கியது நான்.

பிறகு வந்த நாட்களில் அக்கா என்னைக் கவனித்த மாதிரி அம்மாகூட என்னைக் கவனித்ததில்லை. மதியம் கடப்பால் சோறு வரும். முதல் நாள் மூடியைத் திறக்குமுன்பே, "மீன் வைக்கல்லடி, கத்தரிக்காயும் பருப்பும்தான்" என்றாள். நான் மீனைப் பார்க்கமாட்டேன் என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. இரவில் தனியாகப் படுக்கவேண்டாம் என்று பாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். எனக்கு என்ன நடந்தது என்பதைத் தவிர எனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தந்தாள். அதனால் அவளோடு கோபப்படவும் முடியாமல் இருந்தது. சோற்றுக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படிக் கோபப்படுவது?

ஒரு நாள் கேட்டேன்.

"அக்கா, நீ கத்தினாய்தானே? நெல்லு எண்டு."

அவள் சோற்றின் மேல் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள்.

"என்னத்தக் கத்தின? நான் முருகா எண்டுதான் சொன்னன்."

"இல்ல அக்கா. எனக்குக் கேட்டது."

"பயத்தில உனக்கு அப்பிடிக் கேட்டிருக்கும். மறுகா மறுகா அதையே நினைக்காத. சாப்பிடு."

"எனக்கு மட்டும் சொல்லு. வேற ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல."

"சோறு ஆறுது" என்றாள்.

எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். பொலிசுக்கோ நீதிமன்றத்துக்கோ அவள் போய்ச் சொல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கார் என் கையில் இருந்தது, இடித்தது நான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் காது பொய் சொல்லவில்லை என்று, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, எங்கள் வேலிக்கு உள்ளே, ஒரு தரம் சொன்னால் போதும் என்றிருந்தது. அந்த ஒன்றைத்தான் அவள் தரவில்லை.

அத்தான் வேறுவிதம். அவரிடம் கேட்டபோது சுற்றும் பார்த்துவிட்டு, "பிள்ளை, ரோட்டில நெல்லுப் போட்டது சின்ன விசயம். போடமாட்டன் எண்டு எழும்பி நிண்டு சொன்னன் பாரு, அதுதான் பெரிய விசயம். உனக்கு விளங்கும், நீ பேப்பரில இருந்தனி" என்றார். எனக்கு விளங்கியது. அவர்மேல் எனக்கு வந்தது சாதாரணக் கோபம். அப்படிப்பட்ட பொய்களை நான் தொழிலில் நிறையக் கண்டிருக்கிறேன். அவர் பொய்யை ஊருக்குச் சொன்னார். அக்கா அதை எனக்கும் சொன்னாள்.

கை தடுமாறிய கதை சந்திக்கு வந்துசேர நாள் பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கப் போனால் ஓட்டோக்காரர்கள், "என்ன மிஸ், காருக்கு லீவா?" என்பார்கள். இன்னொருவர், "மிஸ்ஸுக்குக் கையில சுகமில்லயாம், தடுமாறுமாம்" என்பார். நல்ல மனிதர்கள்தான், என் பையைத் தூக்கி ஏற்றிவிடுகிறவர்கள். பஸ்ஸில் சாரதி வளைவில் திருப்பும்போதெல்லாம் என் கைகள் முன் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். யாராவது முற்றம் கூட்டும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

சில நாட்களில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை முருகா என்றுதான் சொன்னாளோ? நெல்லை உண்மையிலேயே கண்டேனோ, அல்லது கண்டதாகப் பிறகு சேர்த்துக்கொண்டேனோ? சாட்சி சொல்பவர்கள் இப்படித்தான் குழம்புவார்கள் என்று புதிதாக வந்த நிருபர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். சாட்சிக்குள் இருந்து பார்க்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. பழகிய வீட்டில் விளக்கு அணைந்து, சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கை வைத்தால் சுவர் இல்லாதது மாதிரி.

மீன்காரரைப் பார்க்கக் காத்தான்குடிக்குப் போனேன். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். மாக்கட்டுப் போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நீட்டிவைத்து, விறாந்தையில் இருந்தார். அவருடைய மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். ஆனாலும் தேத்தண்ணி வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "அல்லாஹ் உசிரத் தந்திருக்கான். கால் எப்பிடியும் சரிவரும். சைக்கிள்தான் சரிவராது" என்றார். சைக்கிளுக்கு நான் பொறுப்பு என்றேன். தலையாட்டினார்.

பிறகு, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் வழக்கப்படி அழைத்துக் கேட்டேன்: "நானா, அண்டைக்கு ரோட்டில நெல்லுக் கிடந்தத நீங்க கண்டீங்களா?"

"காணாம? அந்த வளைவில ஒவ்வொரு நாளும் கிடக்கும். ஆரும் வெட்டி வந்திருவாங்களோ எண்டு பயந்து பயந்துதான் நான் போற."

"பொலிசிட்டச் சொல்லல்லயா?"

"என்னய இடிச்சது எது எண்டு கேட்டாங்க." என்னை நேராகப் பார்த்தார். "என்னய இடிச்ச நெல்லா புள்ள, காரா?"

"காருதான் நானா."

"அப்ப சரி. தேத்தண்ணியக் குடிங்க, ஆறிரும்."

குடித்துக்கொண்டிருந்தபோது விறாந்தை மூலையில் சுவரோடு சாய்த்துவைத்திருந்த அரிசிச் சாக்கைக் கண்டேன். வாய் நீல நூலால் தைத்திருந்தது. தையலின் இரண்டு முனையிலும் நூலை முயல் காது மாதிரி மடித்துக் கட்டுவது அக்காவின் வழக்கம். தூக்குகிறவருக்குக் கைப்பிடியாக இருக்கட்டும் என்பாள். நான் பார்ப்பதை அவர் கண்டார்.

"உங்கட அத்தானாக்கள் அனுப்பின. புது அரிசி. சோறு நல்ல வாசம்" என்றார். வாய்க்குள் சிரித்தார். "கிடக்காத நெல்லுத்தான், ஆனா நல்லா அவியுது."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த வட்டைகள் முழுவதும் அவருடைய வாடிக்கை வீடுகள். கால் சரியானதும் அந்த வாசல்களுக்குத்தான் மீனோடு திரும்பப் போகவேண்டும். வீட்டுக்கு வரும்வரை அந்த நூலின் முடிச்சையே நினைத்துக்கொண்டு வந்தேன். கிடக்கவில்லை என்று சொன்ன நெல்லைக் குற்றி, புடைத்து, தன் கையால் தைத்து அனுப்பியிருக்கிறாள். அவருக்கு ஒரு சாக்கு அரிசியால் சொன்னதை எனக்கு ஒரு வார்த்தையால் சொல்ல அவளுக்கு முடியவில்லை. அன்றைக்கு என் சந்தேகம் தீர்ந்தது. கோபம் வந்ததும் அன்றைக்குத்தான்.

நீதிமன்றத்தில் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சட்டத்தரணியும் அதைத்தான் சொன்னார், என் மனமும் அதைத்தான் சொன்னது. அக்கா நல்ல சேலை உடுத்து, தண்ணீர்ப் போத்தலும் இனிப்பும் பையில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தாள். என் பெயரைக் கூப்பிட்டதும் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு அனுப்பினாள். நீதவான் கேட்டதற்கு நான் பதில் சொன்னபோது திரும்பிப் பார்த்தேன். பின்வாங்கில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உண்மையான கண்ணீர்தான். அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் கடப்பை அடைத்துக் கட்டவில்லை. சண்டை பிடிக்கவில்லை. சோறு வந்தால் வாங்கினேன். அவள் பேசினால் பதில் சொன்னேன். கேள்வி மட்டும் கேட்பதை விட்டேன். அக்காவுக்கு அது விளங்கியிருக்கவேண்டும். பாயைச் சுருட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உடைந்த கார் என் பாதியில், வேலியோரத்து மாமரத்துக்குக் கீழே, முன்பக்கம் அக்காவின் வீட்டைப் பார்த்தபடி நின்றது. திருத்தவும் மனம் இல்லை, விற்கவும் மனம் இல்லை. மாவிலை விழுந்து விழுந்து கூரை மறைந்தது. ஐப்பசி முடிவில் மாரி பிடித்தது. கார்த்திகை முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. ஒரு நாள் மழை ஓய்ந்த பிறகு அந்தப் பக்கம் போனபோது, முன் பம்பருக்கும் பொனட்டுக்கும் இடையிலிருந்த வெடிப்பில் பச்சையாக ஏதோ தெரிந்தது. புல் என்று நினைத்துக் குனிந்தேன். நெல். நசுங்கிய தகட்டுக்குள் சேறும் இலைக்குப்பையும் சேர்ந்து, அதில் அன்று போய் ஒதுங்கிய மணிகள் ஈரம் கண்டு முளைத்திருந்தன. விளக்குமாறு எட்டாத ஒரே இடம் அதுதான்.

தொலைபேசியை எடுத்தேன், படம் பிடிக்க. பழக்கம். பிறகு யாருக்கு என்று யோசித்தேன். வழக்கு முடிந்துவிட்டது. எனக்குச் சாட்சி தேவையில்லை. மற்றவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. தொலைபேசியைத் திரும்ப வைத்துவிட்டேன். பிடுங்கவும் இல்லை. நாற்று வளர்ந்தது. ஒவ்வொரு காலையும் தேநீரோடு வாசலில் நின்று அதைப் பார்ப்பது வழக்கமானது. கடப்பால் வந்துபோன அக்கா அதைக் கண்டாளா என்று தெரியாது. அந்தப் பக்கம் அவள் திரும்பாமல் நடப்பதை மட்டும் கண்டேன்.

ஒரு காலை, கோப்பையோடு வாசலில் நின்றேன். அக்காவின் வெள்ளாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கடப்பால் வந்தது. நேரே காருக்குப் போனது. முன்னங்கால்கள் இரண்டையும் பம்பரில் தூக்கி வைத்து, கழுத்தை நீட்டி, நாற்றில் வாய் வைத்தது. நான் அசையவில்லை. மேயட்டும் என்று நினைத்தேனா, மறிக்க நினைத்தேனா என்று தெரியவில்லை.

"நெல்லு! நெல்லு!"

வேலிக்கு அப்பால் அக்கா. கையில் தடியோடு ஓடி வந்தாள். அந்தக் குரல் அதேதான்; காரில் கேட்டதும் அதேதான், படங்கு விரித்த முற்றத்தில் கேட்டதும் அதேதான். ஆடு துள்ளிக் குதித்து விலகியது. எனக்குக் காலில் சூடு பட்டது. குனிந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் வலப்பக்கம் திரும்பியிருந்தன. கோப்பை சரிந்து தேநீர் முழுவதும் என் சட்டையிலும் காலிலும் கொட்டியிருந்தது.

அக்கா கடப்பில் அப்படியே நின்றாள். தடி இன்னும் உயர்ந்திருந்தது. என் கைகளைப் பார்த்தாள். வெறும் கோப்பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. தன் குரலை அவளும் கேட்டிருந்தாள். வாயைத் திறந்தாள், இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடிக்கு நான் எல்லாவற்றையும் மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

"சுட்டிட்டாடி?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

தடியைக் கீழே இறக்கி, ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் பக்கம் போனாள். போகும்போது ஆட்டைப் பேசினாள். "உனக்கு மேய வேற இடம் கிடைக்கல்லயா, உனக்கு மேய வேற இடம் கிடைக்கல்லயா" என்று வீட்டுக்குள் போகும்வரை அதே பேச்சு. பம்பரில் நாற்றின் அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்த வாரம் காரைத் திருத்தக் கொடுத்தேன். இப்போது ஓட்டுகிறேன். மீன்காரர் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். வேறொரு மோட்டார் சைக்கிளில் திரும்ப மீன் கொண்டுவருகிறார். என்னைக் கண்டால் தூரத்திலேயே ஓரம் கட்டி நின்று, போங்கள் என்று கையைக் காட்டிச் சிரிப்பார். அத்தான் இன்னும் தலைவர்தான். அறுவடைக்கு அந்த வளைவில் இன்னும் நெல் காய்கிறது. அக்கா சோற்றுப் பார்சலோடு வருவாள். நான் ஒன்றும் சொன்னதில்லை. அவளாகத்தான் பின் கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொள்வாள். பார்சலை முன்னால், என் இடப்பக்கத்து இருக்கையில் வைப்பாள். வளைவு தாண்டி நெல்லைக் கண்டதும் நான் காரை நிறுத்தி, எதிரே வருகிறவர்கள் எல்லோரும் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வராது.